வடக்கு இடுக்கைப் பற்றி ஒரு வரி

இன்னெர்பாக், 12 பிப்ரவரி 1984

அன்புள்ள மினா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஜூலை ஐந்தாம் தேதி கோட்ஃப்ரீடுக்கு இடுப்பு மூட்டை மாற்றப் போகிறார்கள், அதன்பின் ஒன்றரை மாதம் நீ அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆகவே இந்தக் கோடையில் ஊருக்கு வர முடியாது. இவ்வளவையும் எட்டு வரியில் எழுதி முடித்துவிட்டாய். கல்யாணமாகி லின்ஸுக்குப் போன பிறகு பத்தொன்பது கோடை. ஒன்றைக்கூட நீ தவறவிட்டதில்லை. படித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

உன்மேல் குறையில்லை. புருஷனுக்கு இடுப்பு போனால் மனைவிக்கு மலை போகும், வேறென்ன. எனக்குப் புருஷனும் இல்லை, இடுப்பும் நன்றாக இருக்கிறது. காலையும் மதியமும் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறேன், பனி சறுக்கினால் திட்டுகிறேன், அவ்வளவுதான் என் குடும்பம்.

பிப்ரவரி வந்துவிட்டதால் வழக்கம்போல் வரைபடத்தை மேசையில் விரித்தேன். உன் சிவப்புக் கோடுகளும் என் நீலக் கோடுகளுமாகப் பள்ளத்தாக்கே கிழவியின் கைபோல நரம்போடிக் கிடக்கிறது. ஜூனில் வெண்கல் உச்சி. அப்புறம் இரட்டை ஏரிகளைச் சுற்றி ஒரு நாள். ஆகஸ்டில், கையும் காலும் வைத்து ஏறுகிற மாதிரி ஏதாவது ஒன்று. மணிக்கூண்டின் தெற்குப் பாறை சரியாக இருக்கும். ரம்ப முகட்டைத் தொடப்போவதில்லை. அதன் ஏழு பல்லையும் உன்னோடுதான் தாண்டுவேன். அடுத்த வருடம் பார்ப்போம்.

தனியாகப் போவேனோ என்று பயப்படாதே. செப்டம்பரில் பள்ளிக்கூடத்துக்குப் புது டீச்சர் வந்திருக்கிறாள் என்று எழுதினேன் அல்லவா, ரோஸ்விதா. ஸ்டைரியா மாநிலத்துக்காரி, முப்பத்தொரு வயது. என் வண்டியில்தான் வருகிறாள். சிரித்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. போன ஞாயிறு பனிச்சறுக்குப் பலகையோடு மேல் மந்தைவெளி வரை கூட்டிப்போனேன். மூச்சே வாங்கவில்லை அவளுக்கு.

கோட்ஃப்ரீடிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன்
ஸென்சி


லின்ஸ், 20 பிப்ரவரி 1984

அன்புள்ள ஸென்சி,

ரம்ப முகட்டை எனக்காக வைத்திருப்பதற்கு நன்றி. அந்த ஒரு வரியை மூன்று முறை படித்தேன்.

வெண்கல் உச்சிக்கு ஜூன் இருபதுக்கு முன் போகாதே. மேல் பள்ளத்தில் பனி கெட்டியாக இருக்கும். எழுபத்தாறில் உன் கோடரி அங்கேதான் வழுக்கி ஓடியது. மணிக்கூண்டில் பிடிக்கும் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிடி. உனக்கு அந்தப் பொறுமை கிடையாது, எப்போதும் நான்தான் தட்டுவேன்.

அந்த டீச்சர் என்ன மாதிரிச் செருப்புப் போடுகிறாள்? விளையாட்டாகக் கேட்கவில்லை. நகரத்திலிருந்து வருகிறவர்கள் மெல்லிய அடியுள்ள காலணியோடு வந்து நிற்பார்கள். என் துணிக்கடையிலும் பார்க்கிறேன்: மலைக்குப் போகிறேன் என்று சொல்லிப் பட்டுக் கழுத்துத்துணி வெட்டச் சொல்வார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நம் ஊரில் ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் எல்லோரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார்களே. அவள் உன்னை ‘நீ’ என்கிறாளா? பதினேழு வயது சின்னவள். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

வரைபடத்தைப் பத்திரமாக மடித்து வை. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

மினா


இன்னெர்பாக், 1 ஏப்ரல் 1984

அன்புள்ள மினா,

முட்டாள்கள் தினத்தில் எழுதுகிறேன், அதற்காக இதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாதே.

நாங்கள் ரம்ப முகட்டுக்குப் போகிறோம். பள்ளி ஜூலை முதல் வாரம் முடிகிறது, அதற்கடுத்த வாரம். கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. ஆனால் கேள். ரோஸ்விதாவின் வகுப்பு ஜன்னலுக்கு நேரே அது நிற்கிறது. கணக்குப் பாடம் நடத்தும்போது ஏழு பல்லையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இங்கே வேலை ஒரு வருடத்துக்குத்தான் உறுதி; அடுத்த வருடம் எந்த ஊருக்குத் தூக்கியடிப்பார்களோ. எனக்கு நாற்பத்தெட்டு ஆகிறது, இடது முட்டி படியிறங்கும்போது பேசத் தொடங்கிவிட்டது. நீ வருகிற வருடம் அந்த முட்டி வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆமாம், ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறாள். முதல் நாள் மந்தைவெளி வேலியைத் தாண்டியதும் நின்று, “இப்ப ஆயிரம் ஆச்சா? அப்போ இனிமே நீ ஸென்சி, நான் ரோஸி” என்று கையை நீட்டினாள். கீழே இறங்கின பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

செருப்பு நன்றாகவே இருக்கிறது. அப்பாவின் பழைய மலைக்காலணியை வெட்டித் தைத்துப் போட்டிருக்கிறாள்.

வரைபடம் கிழிந்த இடத்தில் அவள் பின்பக்கம் துணி ஒட்டித் தந்தாள். தன் வழியைப் பச்சைப் பென்சிலால் போட்டிருக்கிறாள்.

இப்போது வேலைப் பேச்சு. முதல் மூன்று பல்லும் நாம் எழுபத்தொன்பதில் ஏறியவைதான், மழை வந்து திரும்பினோம். மிச்சத்தைத் தொலைநோக்கியில் பார்த்து வைத்திருக்கிறேன். இறங்குவதுதான் கேள்வி. ஏழாம் பல் முடிகிற கணவாயிலிருந்து தெற்கே இறங்கினால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் போய் விழுவோம். வீடு வர ஐந்து மணி நேரம், பேருந்தும் இல்லை. வடக்கு இடுக்கு வழியாக என்றால் ஒன்றரை மணி நேரம். எண்பத்திரண்டு செப்டம்பரில் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது நீ தனியாகப் போய் அதில் இறங்கினாயே. எப்படி இருக்கிறது? பழைய இரும்பு முளைகள் தாங்குமா? அதை மட்டும் விவரமாக எழுது.

ஸென்சி


லின்ஸ், 15 ஏப்ரல் 1984

ஸென்சி,

வாக்கு மாறியதைப் பற்றி எழுதப்போவதில்லை. உன் முட்டி, உன் மலை, உன் டீச்சர்.

கேட்டதற்குப் பதில்: காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். பிற்பகல் இரண்டுக்குமேல் அந்தப் பக்கம் இடி இறங்கும், உனக்குத் தெரியும். முதல் பல்லை இடப்பக்கமாகச் சுற்றுங்கள். இரண்டாவதன் உச்சியில் உட்காராதீர்கள், நேரம் போகும். மூன்றாவதில் மார்பளவுக் கல் ஒன்று ஆடும். எழுபத்தொன்பதில் நான் அதன்மேல் சுண்ணாம்புக் குறி வைத்தேன், இப்போது அழிந்திருக்கும். வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர். நாற்பது மீட்டர் கயிறு. அனுபவமில்லாதவர் ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். கறுப்பு ரொட்டியோடு பாலாடைக்கட்டி வேண்டாம், தாகம் எடுக்கும்.

பள்ளி நாட்களில் தபால்காரர் மகள் லீஸலோடு சேர்ந்துகொண்டு ஒரு மாதம் என்னிடம் பேசாமல் இருந்தாயே, நினைவிருக்கிறதா? பிறகு லீஸல் வேறு ஊருக்குப் போனாள், நீ எங்கள் வீட்டு வேலியோரம் வந்து நின்றாய். நான் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தேன். அப்போது நமக்குப் பதினொரு வயது.

இங்கே மழை. புது ஜன்னல்திரைத் துணி வந்திருக்கிறது, நாள் முழுக்க வெட்டுகிறேன்.

ஹெர்மினே


இன்னெர்பாக், 3 ஜூன் 1984

அன்புள்ள மினா,

ஹெர்மினே என்று முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்; நான் எப்போதாவது கிரெசென்ஸ் என்று போட்டேனா? சரி, கோபம். லீஸலை இழுத்திருக்கிறாய். சரி, பெரிய கோபம். முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய கணக்கை எடுத்துவைத்து யாராவது பேசுவார்களா? ரோஸ்விதாவிடம் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன், வண்டியை நிறுத்தச் சொல்லிச் சிரித்தாள்.

குறிப்புகளுக்கு நன்றி. ஒவ்வொன்றையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டோம். வடக்கு இடுக்கைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. எழுத ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கெட்டது ஏதும் இருந்தால் முதல் வரியில் அதைத்தான் எழுதுகிறவள் நீ. அதனால் நிம்மதி.

ஜூலை பதினான்கு, சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டோம். என் கயிறு நைந்துவிட்டது. பரணில் உன் சிவப்புக் கயிறு சும்மாதானே கிடக்கிறது, அதை ரோஸ்விதாவுக்குக் கொடுத்திருக்கிறேன். கொல்லையில் ஆப்பிள் மரத்தில் கட்டி முடிச்சுப் பழகுகிறாள். கைக்கு அடக்கமாக இருக்கிறதாம்.

நீ சொன்ன ஜூன் இருபது வரை பொறுக்காமல் போன வாரமே வெண்கல் உச்சிக்குப் போய், அங்கே இருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதினோம். உன் பெயருக்காக ஒரு வரி விட்டுவைக்கலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், மினாவுக்குப் பிடிக்காது என்றேன்.

கோட்ஃப்ரீடுக்கு நல்லபடியாக ஆகட்டும். பள்ளத்தாக்குக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.

ஸென்சி


லின்ஸ், 11 ஜூலை 1984

ஸென்சி,

இதை மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது.

வடக்கு இடுக்கில் இறங்காதே. முளைகளை நம்பாதே. பாதிக்குக் கீழே பாறை பெயர்ந்துபோயிருக்கிறது. தெற்கே இறங்கு, எத்தனை மணி நேரமானாலும் சரி.

மினா


இன்னெர்பாக், 19 ஜூலை 1984

ஹெர்மினே,

உன் கடிதம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மேசைக்கு வந்ததாம். தபால்காரர் சொன்னார். பத்து மணிக்கு நாங்கள் நான்காம் பல்லின்மேல் இருந்தோம்.

நடந்ததை எழுதுகிறேன். ஏறியது நன்றாகவே போயிற்று. இதுவரை நான் ஏறியதிலேயே நல்ல ஏற்றம் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டரைக்கு ஏழாவதில் நின்றோம், ஒரு மணிக்குக் கணவாய். வடக்கு இடுக்கில் இறங்கத் தொடங்கினோம். நீ எழுதியபடியே இறங்கும்போது அவளை முன்னால் விட்டேன். முளைகள் ஒழுங்காக இருந்தன, எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டே போனாள். பதினான்காவதில் நின்று, “ஸென்சி, இதுக்குக் கீழே முளையைக் காணோம். பாறையே இல்ல” என்றாள். பக்கத்தில் ஒரு விளிம்பு இருந்தது. அதில் கால் வைத்து எட்டிப் பார்த்தாள். விளிம்பு அவளோடு சேர்ந்து போயிற்று.

நாலு மீட்டர் விழுந்தாள். கயிறு நின்றது, நானும் நின்றேன். என் உள்ளங்கைத் தோல் இரண்டும் அதோடு போய்விட்டது. அவளுடைய வலது கணுக்கால் பாறையில் மோதி உள்ளே நொறுங்கிவிட்டது. காலணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளைத் தூக்க என்னால் முடியவில்லை. ஒரு திட்டில் உட்காரவைத்து, முளையில் கட்டி, இருவர் சட்டையையும் போர்த்திவிட்டு, நான் மட்டும் மேலே ஏறித் தெற்கே ஓடினேன். மூன்று மணிக்கு ஆலங்கட்டி அடித்தது. கீழ்ப் பால்பண்ணையில் தொலைபேசி கிடைக்க நாலரை. ஹெலிகாப்டர் ஆறுக்குப் போயிற்று. மேலே தனியாக இருந்த அத்தனை நேரமும், தூங்கிவிடக் கூடாதென்று, ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இறக்கிக்கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

இங்கே பக்கத்து நகரமான லியன்ஸில் மருத்துவமனையில் இருக்கிறாள். ஆறு ஆணி வைத்திருக்கிறார்கள்.

இப்போது உன் கடிதம். தேதி பதினொன்று என்கிறது. தபால் முத்திரை பன்னிரண்டு மாலை. எங்கள் தெருக்கடையில் தொலைபேசி இருக்கிறது, எண் உனக்கு மனப்பாடம். போன கிறிஸ்துமஸுக்கு அதில்தான் கூப்பிட்டாய்.

‘பாறை பெயர்ந்துபோயிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். லின்ஸில் உட்கார்ந்துகொண்டு அது உனக்கு எப்படித் தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்?

கிரெசென்ஸ்


லின்ஸ், 25 ஜூலை 1984

ஸென்சி,

எண்பத்திரண்டு செப்டம்பரிலிருந்து தெரியும்.

அன்று நான் அந்த இடுக்கில் முழுதாக இறங்கவில்லை. தெற்குப் பக்கம் புல்வழியாகக் கணவாய்க்கு ஏறி, வடக்கே பதினான்காவது முளைவரை போனேன். அதன்கீழே மலை வெட்டவெளியாக இருந்தது. ரோஸ்விதா கால் வைத்த அதே விளிம்பைப் பார்த்தேன், நான் வைக்கவில்லை. மறுபடி மேலே ஏறும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து அழுதேன். தெற்கே சுற்றி வீடு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. நீ அடுப்பில் கொழுக்கட்டையைச் சூடாக வைத்துக்கொண்டு காத்திருந்தாய். “எப்படிடி இருந்துச்சு?” என்றாய். “நல்லா இருந்துச்சு, ஏரிக்கரையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்” என்றேன். நீ தட்டை வைத்துவிட்டு, “தனியாவா எறங்கினே? என்னைவிடக் கெட்டிக்காரி நீ” என்று சொன்னாய். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அதை இழக்க மனம் வரவில்லை. சேர்ந்து போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இது சின்னப் பொய். அடுத்ததுதான் பெரியது.

ஏப்ரலில் நீ விவரமாக எழுது என்று கேட்டபோது மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். இடுக்கு என்ற சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றது. எழுதினால் என் பொய் வெளியே வரும் என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பச்சைப் பென்சில் என் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. ‘நீ ஸென்சி, நான் ரோஸி.’ அவர்கள் போகட்டும், பாதி இடுக்கில் வழியில்லாமல் முழிக்கட்டும், திரும்ப ஏறி ஐந்து மணி நேரம் நடந்து கால் வீங்கி வரட்டும், அப்போது மினா இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஸென்சி நினைக்கட்டும். இப்படித்தான் நினைத்தேன். யாரும் விழுவதை நான் நினைக்கவில்லை. அதை நம்பு என்று கேட்கும் தகுதி எனக்கில்லை.

ஜூனில் உன் கடிதம் வந்தது. எழுத ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை என்று நீ என்மேல் வைத்திருந்த நம்பிக்கையைப் படித்தேன். அன்றே எழுதியிருப்பேன். அடுத்த வரியில் என் கயிற்றை அவளுக்குக் கொடுத்திருந்தாய், என் லீஸல் பேச்சைப் படித்து இருவரும் சிரித்திருந்தீர்கள். தந்தி அலுவலகம் வரை போய்த் தாளை வாங்கி உன் முகவரியை எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். ஐந்து வாரம் இப்படியே போயிற்று.

பதினொன்றாம் தேதி எழுதியது உண்மை. ஒரு நாள் முழுக்கக் கைப்பையில் வைத்திருந்தேன். தொலைபேசியில் கூப்பிட்டால் ‘ஏன் முன்னாடியே சொல்லல?’ என்று கேட்பாய், கடிதம் உடனே கேள்வி கேட்காது. வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சேராவிட்டால் என்ன என்றும் உள்ளே ஒன்று சொன்னது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கோட்ஃப்ரீடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் படுத்தபடி கேட்டார். பிறகு, “அந்தப் பொண்ணுக்கு எழுது. எனக்குச் சோறு ஊட்ட நர்ஸ் இருக்கா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

மினா


இன்னெர்பாக், 29 அக்டோபர் 1984

மினா,

மூன்று மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை திட்டத்தான் வந்தது, திட்டினால் எனக்கும் சேர்த்துத் திட்ட வேண்டியிருந்தது.

நம் வழக்கம் என்ன? புது முகடு ஏறுவதற்கு முன், இறங்கும் வழியை ஒரு தடவை கீழேயிருந்து போய்ப் பார்ப்போம். பத்தொன்பது வருடமாகத் தவறாமல் பார்த்திருக்கிறோம். இந்த ஜூனில் நான் பார்க்கவில்லை. நேரமில்லை என்று ரோஸ்விதாவிடம் சொன்னேன். நேரம் இருந்தது. கோட்ஃப்ரீடுக்கு முன்னதாகவே குணமாகி நீ ஜூலை கடைசியில் வந்து நின்றுவிடுவாயோ என்று எனக்குப் பயம். வருவதற்குள் முடித்துவிட்டு, ‘முடிச்சாச்சு’ என்று உனக்கு ஒரு அட்டை போட வேண்டும் என்று அவசரம். பத்தொன்பது வருடம் ஒவ்வொரு கோடை முடிவிலும் நீ ரயிலேறிப் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாய். மிச்சப் பதினொரு மாதம் நான் காத்திருக்க வேண்டும். ஒரு தடவையாவது நீ காத்திருந்து பார் என்று தோன்றியது. கயிற்றைக் கொடுத்ததை வேண்டுமென்றேதான் எழுதினேன். சிரித்தாள் என்று எழுதியதும் பொய். லீஸல் கதையைப் படித்துக் காட்டியபோது அவள் சிரிக்கவே இல்லை. “பாவம் அவங்க” என்றுதான் சொன்னாள்.

இதற்காக நீ செய்தது சிறிதாகிவிடாது. என்னுடையதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக எழுதினேன்.

ரோஸ்விதா செப்டம்பர் கடைசியில் ஊன்றுகோல்களோடு பள்ளிக்குத் திரும்பினாள். நீ எழுதிய மூன்று கடிதத்தையும் பிரிக்கவில்லை என்றாள். தான் விழுந்ததற்கு, பார்த்தேயிராத ஒரு அம்மாள் எதற்கு மூன்று கடிதம் எழுதுகிறாள் என்று நினைத்தாளாம். மறைக்க என்னால் முடியவில்லை. ஒரு மதியம் பிள்ளைகள் எல்லாம் இறங்கிய பிறகு வண்டியை ஓரங்கட்டி, உன் ஜூலைக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன். நான் ஏன் ஜூனில் வழி பார்க்கப் போகவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், “அப்போ ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் அடிச்சுக்க எடுத்த கம்பு நான்தானா?” என்றாள். நான் வாயைத் திறந்தேன். “கதவைத் திறங்க” என்றாள். திறங்க. மந்தைவெளி வேலிக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த ‘ங்க’ வந்ததே இல்லை.

இறங்கி ஊன்றுகோலில் நடக்கத் தொடங்கினாள். அவள் அறைக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், ஏற்றம். நான் வண்டியை முதல் கியரில் போட்டு அவள் பின்னாலேயே ஊர்ந்தேன். பின்னால் வைக்கோல் வண்டி வந்தது, பால் வண்டி வந்தது, எல்லோரும் ஒலியெழுப்பினார்கள், நான் ஒதுங்கவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை அவள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாசலில் வீட்டுக்காரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மூன்று வாரம் பால் வண்டியில் பள்ளிக்குப் போனாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் என் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து உட்காரவில்லை. அவளுக்கு இங்கேயே வேலை உறுதியாகிவிட்டதாம், அதைச் சொன்னாள். பிறகு வரைபடத்தைக் கேட்டாள். கொடுத்தேன். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த கோடைக்கு நான்தான் வழி போடுவேன்” என்றாள். “டாக்டர் ஜூலைக்குள்ள மெதுவா நடக்கலாம்னு சொல்லியிருக்கார். இரட்டை ஏரி, அங்கேயிருந்து மணிக்கூண்டு அடிவாரம். என் வேகத்துலதான். நீங்களும் வரணும், லின்ஸ்காரம்மாவும் வரணும். அவங்க கடிதத்துல எழுதினதையெல்லாம் என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். சொல்லிட்டு என்கூட நடக்கணும். அதுக்கப்புறம் உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிறதா வேணாமான்னு பாக்கறேன்.”

காபி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள். ஆனால் இன்று காலை என் வண்டியில் ஏறினாள். முன்னிருக்கையில் அல்ல, பின்னால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாயே. இதுதான். இனி அவளுக்குக் கடிதம் எழுதாதே. வா.

உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் வண்டி ஓட்டும்போது, அந்தப் பதினான்காவது முளையில் நீ நின்று திரும்பியதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சில நாள் அவள் காலணி பார்த்த திசை நினைவுக்கு வருகிறது. எந்த நாள் எது வரும் என்று சொல்ல முடியவில்லை.

ஸென்சி


லின்ஸ், 9 பிப்ரவரி 1985

ஸென்சி,

வருகிறேன். ஜூலை ஆறாம் தேதி, சனிக்கிழமை, மாலைப் பேருந்தில். கோட்ஃப்ரீட் இப்போது கைத்தடி ஒன்றோடு சந்தை வரை போய்வருகிறார். தானே சமைத்துக்கொள்வதாகச் சொல்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை, இருந்தாலும் வருகிறேன்.

உன் அக்டோபர் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமல்ல. எழுதினால் உண்மையாக எழுத வேண்டும். உண்மை எது என்று எனக்குப் பிடிபட இத்தனை நாளாயிற்று.

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். லின்ஸில் சமையலறையில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். ‘உங்களுக்கு வழி இல்லைன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லல’ என்ற இடத்தில் பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன். அங்கே அப்படி நழுவ மாட்டேன், சொல்வேன். அவளை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன், எவ்வளவு உயரத்துக்குப் போனாலும், அவளாக மாற்றுகிறவரை.

இரட்டை ஏரிக்கு அவள் வேகத்தில் நடப்பேன். கல்லைத் தட்டிப் பார்ப்பேன், நின்றால் நிற்பேன்.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் வருவதைவிட வராமலிருப்பது மேல்.

என் பொறாமை போய்விடவில்லை. அவள் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள் என்று படித்தபோது, அடிபட்டவள் அவள், அடிக்கு நான் காரணம், அத்தனையும் தெரிந்தே என் வயிறு எரிந்தது. நீ முக்கால் மணி நேரம் அவள் பின்னால் வண்டியை ஊர்ந்து ஓட்டினாய் என்ற இடத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீயே பயப்படுவாய். என் பின்னால் நீ அப்படி வந்ததில்லை; நான்தான் உனக்கு அப்படி நடக்க வாய்ப்புக் கொடுக்கவில்லையோ என்னவோ. வயது ஐம்பதாகிறது. இது இனி போகும் என்று தோன்றவில்லை.

ஆகவே ஜூலையில் ஏரிக்கரையில் நீங்கள் இருவரும் ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போது நான் பேச்சை நிறுத்திக்கொண்டால், காரணம் அதுதான். உடம்பு சரியில்லை என்றோ, வெயில் என்றோ நான் சொன்னால் நம்பாதே. என்னை முன்னால் நடக்கவிட்டு, வழியைப் பற்றி என்னிடம் கேள். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். இதை ரோஸ்விதாவிடமும் படித்துக் காட்டு. ஐந்து மாதம் முன்னதாகவே எழுதுகிறேன். இன்று மதியமே, நானே போய்த் தபாலில் சேர்க்கிறேன்.

மினா